டயப்பர் வயதுப் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: சிங்கப்பூரில் முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

கப்பலில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவனுக்குப் புது நீச்சல் டயப்பர், அதற்கு மேல் சுறாமீன் படம் போட்ட டவுசர் எல்லாம் மாட்டிவிட்டு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் படியில் கால் வைக்கப் போகிறான். பணியாளர் ஒருவர் குனிந்து அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டயப்பர் போடுகிற குழந்தைகளை இந்தக் குளத்தில் விடக்கூடாது என்றார். நீச்சல் டயப்பர்தானே என்றேன். அதுவும் கூடாதாம். பக்கத்திலேயே பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். டிக்கெட் எடுத்த இணையதளத்திலும் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இரண்டே கால் வயதுப் பையனுக்கு விதியெல்லாம் எங்கே புரியும்? படியிலேயே உட்கார்ந்து, கப்பல் கிளம்பும் வரை அழுதான்.

அந்தப் பயணம் நல்லபடியாகவே முடிந்தது. இன்னொரு முறையும் போய்வந்தோம். ஆனால் முதல்முறை போகும்போது யாராவது உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நாங்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே ஏறி, பினாங்கும் புக்கெட்டும் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம் போனோம். பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு மேலே சொன்ன வயது. கீழே சொல்வதெல்லாம் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான். பத்து வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது.

முதலில் வயதுக் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில், ராயல் கரீபியன், டிஸ்னி இரண்டிலும், கப்பல் புறப்படும் நாளன்று குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். நிலமே தொடாமல் பல நாள் ஓடும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். டிக்கெட் எடுக்கும் நாளின் வயதைப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது, மூன்று வயது. பெற்றோர் பலரும் கப்பலைத் தேர்ந்தெடுப்பதே பிள்ளைகளுக்கான கிளப் இருக்கிறது, இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுக் காபி குடிக்கலாம் என்பதற்காகத்தான். அந்தக் கிளப்பில் இலவசமாகச் சேர்க்க மூன்று வயது ஆகியிருந்தால் மட்டும் போதாது, டயப்பரும் விட்டிருக்க வேண்டும். இழுத்துப் போடுகிற பேண்ட் மாதிரி டயப்பரும் கணக்கில் டயப்பர்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில கப்பல்களில் குழந்தைக் காப்பகம் உண்டு. அதற்கு மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், இடமும் குறைவு, முன்கூட்டியே பதிய வேண்டும். நீச்சல் குளத்துக்கும் இதே டயப்பர் விதிதான். டயப்பர் குழந்தைகளுக்கென்று தண்ணீர் பீச்சியடிக்கும் தனி விளையாட்டு இடம் சில கப்பல்களில் இருக்கிறது. உங்கள் கப்பலில் அது இருக்கிறதா என்று பெயரைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். எல்லாக் கப்பலிலும் இருக்காது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எட்டு மாதக் குழந்தையோடு போவது சுலபம். நான்கு வயதுப் பிள்ளையோடு போவது அதைவிடச் சுலபம். ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரைதான் பாடு. நடக்கத் தெரியும், பயம் தெரியாது, சொன்னால் கேட்காது, கிளப்பிலும் எடுக்க மாட்டார்கள், குளத்திலும் விட மாட்டார்கள். ஆறேழு மாதம் பொறுத்தால் டயப்பர் நின்றுவிடும் என்கிற நிலையில் இருந்தால் பொறுங்கள். அதே காசுக்கு இரண்டு மடங்கு பயணம் கிடைக்கும். பொறுக்க முடியாது, பெரியவளுக்கு அடுத்த வருடம் பள்ளியில் லீவு கிடைக்காது, தாத்தா பாட்டிக்கு இப்போதுதான் தோதுப்படும் என்றால், சரி, தெரிந்தே போங்கள்.

எந்த வழி, எந்த மாதம்

முதல் பயணம் மூன்று அல்லது நான்கு இரவு. அதற்கு மேல் வேண்டாம். வழி மலாக்கா நீரிணையாக இருக்கட்டும். ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலாய்த் தீபகற்பம் என்று இரண்டு கையும் அணைத்துக்கொண்ட மாதிரி இருப்பதால் பெரிய அலை குறைவு. பினாங்கும் போர்ட் கிள்ளானும் இந்த வழியில்தான். புக்கெட்டுக்குப் போக அந்தமான் கடலுக்குள் நுழைய வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே ஆட்டம் இருக்கும். வியட்நாம் பக்கம் போகும் கப்பல்கள் தென்சீனக் கடலில் போகின்றன. அங்கே நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று. நாங்கள் போனது மார்ச் மாதம். தம்ளரில் வைத்த தண்ணீர்கூட அசையவில்லை.

டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலின் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே சுற்றித் திரும்புபவை. வேறு யாருக்காவது அது குறையாகத் தெரியலாம். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இறங்கி ஏறும் வேலை மிச்சம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சில பருவங்களில் இலங்கை வரை போய்வந்திருக்கிறது. அப்படி ஒன்று உங்கள் தேதிக்கு அமைந்தால் விமானச் செலவு இல்லை. வங்காள விரிகுடா நீரிணை மாதிரி அடங்கிக் கிடக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அறை

பூங்காவில் சீசா பலகை பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் ஆகாது. கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தளப்படத்தில் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரங்கத்துக்கோ நடனக் கூடத்துக்கோ நேர்மேலே இருந்தால் இரவு பதினோரு மணிக்குத் தரை அதிரும். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நல்லது.

ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைவு. பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரம் நீங்கள் எங்கே போவீர்கள்? அதே இருட்டில் செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கடல் பார்க்க அல்ல, அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். எங்கள் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறுகிற வயது இது. பால்கனியில் கிடக்கும் நாற்காலிகளைக் கம்பியோரமாக விடாதீர்கள். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் அந்தக் கதவு திறக்கவே கூடாது என்பதை முதல் நிமிடமே வீட்டுச் சட்டமாக்கிவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில் கேட்டால் இலவசமாகவே கொண்டுவந்து போடுவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். அதை விரித்தால் அறையில் நடக்க இடம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் அறையில் ஒரு படுக்கை பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்கும் பரண் படுக்கையாக இருக்கும். நாலரை வயதுக்கு அது வேண்டாம். சோபாவை விரித்துப் படுக்கையாக்கும் அறையாகக் கேளுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மடியில் வைத்துக்கொள்கிற குழந்தையும் கப்பலில் முழுப் பயணிதான். உயிர்காப்புப் படகில் எத்தனை பேருக்கு இடம் என்பதை வைத்துத்தான் ஆள் கணக்கு. அதனால் பெரியவர் இருவருக்கு அறை எடுத்துவிட்டு, குழந்தையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்த அறையில் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

காகிதங்கள்

பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும் என்பது. விமானத்தில் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பலில் போய்த் திரும்பி இறங்கும்போது இன்னொரு நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு போனால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இதே கணக்கில் இரண்டு முறை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள், குழந்தைகளுக்கும் சேர்த்து. அரசு இணையதளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டாவது அட்டையைக் கப்பலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும் என்பதால் வழியில் ஒரு துறைமுகத்தில் இணையம் கிடைக்கும்போதே முடித்துவிடுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் தனித்தனியே மின்னணு வருகை அட்டைகள் உண்டு. விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் பயணத்துக்கு எவை தேவை என்று கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்காமல் ஏறாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அவர் பில் நம் ஊர் கிளினிக் பில் மாதிரி இருக்காது. காப்பீட்டில் கப்பல் பயணமும் அடங்குமா என்று பாருங்கள்.

பெட்டியில் என்ன, என்ன கூடாது

நம் வீடுகளில் குழந்தையோடு பயணம் என்றதும் முதலில் உள்ளே போவது குட்டி ரைஸ் குக்கரும் மின்கெண்டியும்தான். இரண்டுமே கப்பலுக்குள் ஆகாது. சூடாக்குகிற எந்தச் சாதனமும், இஸ்திரிப் பெட்டி உட்பட, பரிசோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். கடலில் தீதான் பெரிய பயம். எங்கள் இரண்டாவது பயணத்தில் அத்தையின் கைப்பையிலிருந்து கற்பூர டப்பாவும் ஊதுபத்திப் பாக்கெட்டும் வெளியே வந்தன. வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று அத்தை அந்த இளம் அதிகாரியிடம் தமிழிலேயே கேட்டார். அவர் சீட்டெழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது.

வீட்டில் செய்த சாப்பாடும் ஏற்றக்கூடாது. புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி எல்லாம் ஏறும் முன்பே காலி செய்துவிடுங்கள். பிரிக்காத பாக்கெட்டில் உள்ள பால்பவுடர், குழந்தை உணவு, பிஸ்கட் இவற்றுக்குத் தடையில்லை. பிள்ளை ஒரே ஒரு கம்பெனிப் பால்பவுடர்தான் குடிக்கும் என்றால் கப்பல் கடையை நம்பாதீர்கள். டயப்பரும் அப்படியே. கடையில் இருந்தால் ஒரே அளவு இருக்கும், விலையும் கண்ணைக் கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணி, இரண்டு நாளுக்கு அதிகமாக வையுங்கள்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மக். சிரிக்காதீர்கள். பெரும்பாலான அறைகளில் தொட்டி இருக்காது, ஷவர் மட்டும்தான். தலையில் நேரே தண்ணீர் கொட்டினால் வீல் என்று கத்துகிற பிள்ளையைக் குளிப்பாட்ட மக்கை விட்டால் வழியில்லை. கால் கழுவவும் அதுதான். இன்னொன்று காந்தக் கொக்கி. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தம் ஒட்டும். ஈர டவுசர், தொப்பி, அடையாள அட்டை எல்லாம் தொங்கவிடலாம். வெளிக் கதவில் ஒரு பூனைக் காந்தத்தை ஒட்டிவைத்தோம். ஒரே மாதிரி இருக்கும் நூறு கதவுகளில் எங்கள் கதவைப் பெரியவள் ஓடிப்போய்க் கண்டுபிடிப்பாள்.

ஸ்ட்ரோலர் ஒல்லியாக மடிகிறதாக இருக்கட்டும். நடைபாதையில் நிறுத்திவைக்க விட மாட்டார்கள், அறைக்குள்தான் வைக்க வேண்டும். அறைக் கதவும் அகலம் குறைவு.

ஏறும் நாள்

முந்தின நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள். சென்னையிலிருந்து நாலு, நாலரை மணி நேர விமானம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இரவு விமானத்தில் வந்து காலையில் நேரே கப்பலுக்குப் போகலாம் என்று திட்டம் போடுவது பெரியவர்களுக்குச் சரி. தூக்கம் கெட்ட பிள்ளையை வரிசையில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. மரினா சவுத் பியர் ரயில் நிலையத்துப் பக்கம் மரினா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் இன்னொன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள். ஏறுவதற்குத் தரும் நேரங்களில் முதல் நேரத்தைப் பிடியுங்கள். வரிசை குறைவு, மதியச் சாப்பாடு கப்பலிலேயே கிடைக்கும்.

வாசலிலேயே பெரிய பெட்டிகளைச் சுமைப்பணியாளர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். அதனால் டயப்பர், மாற்றுத் துணி, நீச்சல் உடை, மருந்து, பால், தூங்கும்போது கட்டிப்பிடிக்கிற பொம்மை இவ்வளவும் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு முழிக்கிறவர்களை இரண்டு முறையும் பார்த்தேன்.

கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி எல்லாருக்கும் கட்டாயம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை முடித்தாக வேண்டும் என்று உலக விதி இறுக்கப்பட்டது. இப்போது பல கப்பல்களில் செயலியில் வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கான கூடுமிடத்துக்குப் போய் முகம் காட்டினால் போதும். முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள். கடைசி அரை மணியில் லிப்ட் எதுவும் கிடைக்காது. பிள்ளைகளுக்குக் கூடுமிட எண் போட்ட கைப்பட்டை தருவார்கள், குளித்தாலும் கழற்ற வேண்டாம். குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று அறைப் பணியாளரிடம் கேட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு

பஃபேயில் எதையும் எடுக்கும் முன் மேசையைப் பிடியுங்கள், உயர நாற்காலியைக் கேளுங்கள். ஒருவர் பிள்ளைகளோடு உட்கார, ஒருவர் தட்டோடு போகட்டும். இடுப்பில் பையன், மறு கையில் தட்டு என்று வரிசையில் நின்றதில், முதல் நாளே ஒரு கிண்ணம் தக்காளி சூப் என் புடவைக்குப் போனது.

சின்னவன் முதல் வேளை எதையும் தொடவில்லை. பாஸ்தாவைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக் கீழே போட்டான். நான் பஃபேயைச் சுற்றி வந்தேன். ஆசியச் சாப்பாட்டுப் பக்கம் வெறும் சாதம் ஆவி பறக்க இருந்தது. காலைச் சிற்றுண்டி மேசையில் பார்த்த இனிப்பில்லாத தயிர் கிடைக்குமா என்று கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். சூப் கிண்ணத்தில் சாதத்தைப் போட்டு, கரண்டி முதுகால் மசித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு, தயிர் ஊற்றி, உப்புப் பொட்டலத்தில் பாதியைத் தூவி, சாலட் பக்கத்திலிருந்து துருவிய கேரட் நாலு இழை. அவன் வாயைத் திறந்தான். மறுநாள் மதியம் நாங்கள் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு கிண்ணம் சாதமும் ஒரு கப் தயிரும் மேசைக்கு வந்தன. அந்தப் பணியாளருக்கும் ஊரில் இதே வயதில் ஒரு மகன் இருப்பதாகச் சொன்னார்.

சுத்த சைவம், முட்டைகூடக் கூடாது, கடலை ஒவ்வாமை என்று எது இருந்தாலும் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறிய அன்றே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் மறுபடியும் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தி. உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு மட்டும் முதலில் கொண்டுவரச் சொல்லலாம். இரவுப் பாலுக்கு ஒரு பிளாஸ்க் கொண்டுபோங்கள். படுக்கும் முன் காபிக் கடையில் சூடான பால் ஊற்றித் தருவார்கள்.

பகலும் தூக்கமும்

கப்பல் தினமும் ஒரு நிகழ்ச்சி நிரல் தரும். காலை ஏழிலிருந்து நள்ளிரவு வரை ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்தாயிற்றே என்று எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பிள்ளைகளும் தரையில் உருளும். நாங்கள் இரண்டாம் நாளிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நிறுத்திக்கொண்டோம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அறை, இருட்டு, தூக்கம். வீட்டில் எந்த நேரம் தூங்குமோ அதே நேரம். இயந்திரத்தின் மெல்லிய உறுமல் தாலாட்டு மாதிரி உதவியது.

கழிப்பறை மட்டும் எச்சரிக்கை. காற்றில் உறிஞ்சும் வகை அது, பொத்தானை அமுக்கினால் வெடிச் சத்தம் போல வரும். பெரியவள் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போது நான் அமுக்கிவிட்டேன். பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கமே வர மறுத்தாள். பிள்ளையை இறக்கி வெளியே அனுப்பிவிட்டு அமுக்குங்கள். ஈரத் துடைப்பான் தாளை உள்ளே போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்துத் தொல்லை.

பிள்ளைகள் கிளப்பில் ஏறிய அன்றே பதிவு செய்யுங்கள். முதல்முறை அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள். மூன்று வயது ஆகாதவர்களையும் பெற்றோரோடு உள்ளே விளையாட விடும் நேரம் சில கப்பல்களில் உண்டு, எப்போது என்று வாசலில் கேளுங்கள். சின்னவனுக்குக் கப்பலில் மிகவும் பிடித்தது அதுவும் இல்லை, பிரம்மாண்டமான நீர்ச்சறுக்கும் இல்லை. கண்ணாடி லிப்ட். அதில் நாலாம் தளத்துக்கும் பதினாலாம் தளத்துக்கும் அவனும் அவன் அப்பாவும் எத்தனை முறை போய்வந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

குளத்துப் பக்கம் உயிர்காப்பாளர் இருந்தாலும் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

துறைமுகங்களில்

பினாங்கில் இறங்குங்கள். ஸ்வெட்டன்ஹாம் பியர் ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு, கொஞ்சம் தள்ளி கார்ன்வாலிஸ் கோட்டை. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டே லிட்டில் இந்தியாவுக்கு நடந்துவிடலாம். குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், பூக்கடை, சுடச்சுடத் தோசை. நடைபாதைகள் ஏறி இறங்கும், வெயிலும் நம் ஊர் வெயில்தான், ஆகவே இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பத்துமலையில் 272 படிகள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் வேண்டுதல் இருந்தால் போங்கள். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு அனுப்புவது வழக்கம். ஆடுகிற படகுக்கு ஸ்ட்ரோலரை மடக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நாங்கள் இறங்கவில்லை. அன்று கப்பலே காலி. பெரியவள் வரிசையே இல்லாமல் சறுக்கில் பதினோரு முறை போனாள். இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: புக்கெட் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். செல்போன் தானாக மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றிக்கொள்ளாமல் இருக்கலாம். கப்பலின் கடிகாரம் எதுவோ அதுதான் சட்டம். தாமதமானால் காத்திருக்க மாட்டார்கள்.

உடம்புக்கு வந்தால்

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ் காரணம். அதற்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. லிப்ட் பொத்தான், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாவற்றையும் தடவிவிட்டு விரல் சூப்புகிற வயது இது, ஆகவே சாப்பாட்டுக்கு முன்பு ஒவ்வொரு முறையும் கழுவிவிடுங்கள்.

கடல் மயக்கம் இரண்டு வயதுக்குக் கீழே அரிது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பெரியவர்களுக்கான வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே சில மருந்துகள் ஆபத்தானவை. கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் மருந்தும் அளவும் எழுதி வாங்குங்கள். ஆட்டம் வந்தால் நடுத்தளத்துக்கு வந்து, தூரத்துக் கடல்கோட்டைப் பார்க்கவையுங்கள். வயிறு காலியாக இருக்க வேண்டாம், உப்பு பிஸ்கட் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு, நாளுக்கு ஒரு தொகை சேர்ப்பார்கள். பல கப்பல்களில் குழந்தைக்கும் அது உண்டு. செல்போனை விமான முறையில் போட்டுவிடுங்கள், கடல் நடுவே ரோமிங் பில் தலைசுற்றும். கார்ட்டூன்களை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

கடைசி இரவு

பெரிய பெட்டிகளில் சீட்டுக் கட்டி, இரவு பதினொன்றுக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் முனையத்தில் அந்தச் சீட்டின் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, பாராட்டத்தக்க சுறுசுறுப்போடு நான் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்து, பூட்டி, வெளியே தள்ளிவிட்டேன். காலை ஆறு மணிக்குச் சின்னவன் பாலைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டான். கைப்பையில் அவனுக்குச் சட்டை இருந்தது, டயப்பர் ஏழு இருந்தது, டவுசர் ஒன்றுகூட இல்லை.

என் துப்பட்டாவை வேட்டியாகக் கட்டிவிட்டேன். மஞ்சள் பூப்போட்ட வேட்டி, மேலே கப்பல் படம் போட்ட பனியன். குடிநுழைவுச் சாவடியில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், எட்டிக் கீழே பார்த்தார், அப்புறம் தமிழில், "என்ன தம்பி, கல்யாணமா?" என்றார்.